ஆரோக்கியமேரி எந்த நாட்டுக்காரி

பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆரோக்கியமேரி ஆயா. அங்கே டாக்டரம்மாவை எதிர்த்துப் பேசிவிட்டுச் சௌக்கியமாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. மேரியை எதிர்த்துப் பேசியவர்கள் அப்படிப் போனதாகத் தகவல் இல்லை. வலியில் துடிக்கும் பெண்ணின் தலைமாட்டில் நின்றுகொண்டு, “நல்லா கத்துடி தாயி. உன் வூட்டுக்காரன் வெளிய ஜம்முனு மொபைல் பாத்துகினு இருக்கான். அவனுக்கும் கொஞ்சம் கேக்கட்டும்” என்பாள். அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிடும். கன்னடக்காரிக்குக் கன்னடம், உருது பேசுகிறவளுக்கு உருது, தமிழச்சிக்குத் தமிழ். யார் வந்தாலும் அவரவர் பாஷையிலேயே திட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்பேர்ப்பட்ட வாய், போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததும் அடைத்துக்கொள்ளும். “ஆமா சார், இல்ல சார்” தவிர வேறெதுவும் வராது. காரணம், அவள் கைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த அகதி அட்டை. இலங்கை அகதி என்று அது சொன்னது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தது. குறித்த காலத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும், வெளியூர் போனால் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லாததுதான் பெரிய பயம்.

இந்த அட்டை வந்த கதையைக் கோபப்படாமல் சொல்ல முடியாது. மேரியின் முன்னோர்கள் வட ஆற்காட்டுக்காரர்கள். தேயிலை பறிக்க ஆள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் அவர்களைச் சிலோனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளினார்கள். வெள்ளைக்காரன் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினான். இந்த ஜனங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்ற கேள்வியை மட்டும் அங்கேயே போட்டுவிட்டுப் போனான். சுதந்திரம் வந்த கையோடு இவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த நாடு. 1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் மேசை போட்டு உட்கார்ந்து பேசின. ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தாயிற்று. பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக அறுத்தார்கள். ஆட்டு மந்தையைப் பாகம் பிரிக்கிறவன்கூட எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று ஒரு தடவை பார்ப்பான்.

அந்தப் பாகப்பிரிவினையில் மேரியின் அம்மா பிலோமினாவின் பிறந்த வீடு இந்தியாவுக்கு விழுந்தது, புகுந்த வீடு இலங்கைக்கு விழுந்தது. பெற்றவர்களும் தம்பி சிரிலும் கப்பலேறி வந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் பெங்களூரில் ஒண்டிக்கொண்டார்கள். பிலோமினா கணவனோடு நுவரெலியா பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கினாள். 1983 கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. வவுனியாவுக்கு ஓடினார்கள். சண்டை அங்கேயும் துரத்தியது. 1990இல் படகேறி மண்டபத்தில் வந்து இறங்கிய கூட்டத்தில் மேரி சின்னப் பெண். இடுப்பில் தம்பி விஜய்குமார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் “எந்த ஊர்?” என்று கேட்டார். அப்பா “நுவரெலியா” என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். குடும்பத்தில் அத்தனை பேர் பெயருக்கு நேராகவும் அதுவே ஏறிவிட்டது.

அகதி முகாமில் வளரும் பிள்ளைக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துவிடும். கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நீ. அதை மாற்றிச் சொன்னால் பொய்யன். பொய்யனை எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ தெரியாது. மேரி அதை நன்றாகவே படித்துக்கொண்டாள்.

அவளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தது சிரில் மாமா. லிங்கராஜபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மாமா, கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஜெயவேலுவைப் பிடித்து அக்கா மகளுக்கு மாப்பிள்ளை ஆக்கினார். ஜெயவேலு கோலார் தங்கவயல்காரன். அவன் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். “பொண்ணு அகதிப்பா, யோசிச்சுக்கோ” என்று மாமா சொன்னதற்கு, “நாங்களும் மூடிப்போன சொரங்கத்து ஆளுங்கதான் சார். யோசிக்க என்னா இருக்குது?” என்றானாம். நீலசந்திராவில் ஒரே அறையில் குடித்தனம் தொடங்கியது. 2007இல் மகள் பிறந்தாள். பௌத்தரான ஜெயவேலுவின் அப்பா அவளுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்தார். “அசோகன் பொண்ணு சங்கமித்ரா இங்கிருந்து லங்காவுக்குப் போச்சு. இதோட ஆத்தா லங்காவிலிருந்து இங்க வந்துச்சு. வரவும் செலவும் சரியாப்போச்சு” என்று சிரில் மாமா கிண்டல் செய்வார்.

சங்கமித்ரா ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்தில் கோல்கீப்பராகப் பந்து பிடித்தே வளர்ந்தாள். ஜெயவேலுவின் உயரமும் மேரியின் வாயும் சேர்ந்தால் கோல் கம்பத்துக்கு நடுவே எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். மாவட்டம், மாநிலம் என்று ஏறி, பதினெட்டு முடிந்தபோது இந்திய ஜூனியர் அணிக்கே தேர்வானாள். வெளிநாட்டில் போட்டி. பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பம் போட்டார்கள். போலீஸ் வந்து விசாரித்துப் போனது. பிறகு ஒரு மறுப்புக் கடிதம் வந்தது.

2004 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அப்பா இந்தியர் என்பது மட்டும் போதாது. அம்மா முறையான அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவராக இருக்கக் கூடாது. படகில் வந்து இறங்கிய அகதி யாரிடம் அனுமதி வாங்கினாள்? ஆகவே மகளின் குடியுரிமை நிரூபணமாகவில்லை. பெங்களூரில் பிறந்து, பெங்களூரில் படித்து, கர்நாடக ஜெர்சி போட்டு ஆடிய பெண் எந்த நாட்டிலும் சேர்த்தி இல்லை.

அணி அவள் இல்லாமலே விமானம் ஏறியது. அன்றைக்குச் சங்கமித்ரா அழவில்லை. கையுறையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, “அப்ப நான் எந்த ஊரும்மா?” என்று மட்டும் கேட்டாள். மேரி அன்றிரவு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தான் அகதியாகவே செத்துப்போனாலும் பரவாயில்லை, தன் வயிற்றில் பிறந்த பாவத்துக்காக இந்தப் பிள்ளை அகதியாகக் கூடாது என்று மாதாவிடம் வேண்டினாள். வேண்டினாள் என்பதைவிட மாதாவோடு சண்டை போட்டாள் என்பதுதான் சரி.

மாதா எந்த ரூபத்தில் பதில் சொல்வாள் என்று யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை தர்மபுரி மாப்பிள்ளை ஒருவன் ரூபத்தில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளின் விவரத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி வாங்கும்போது மேரியும் பக்கத்தில் நிற்பாள். லிங்கராஜபுரத்துப் பெண்ணைக் கட்டிய அந்தப் பையன், “பொறந்த ஊரு தர்மபுரின்னு போட்டுக்கோங்க” என்றான்.

“ஏம்ப்பா, புள்ள தர்மபுரியிலயா பொறந்துச்சு?” என்று மேரி பிடித்துக்கொண்டாள். “ரெண்டாவது மாடியில லேபர் ரூம்ல பொறந்துச்சு. நான்தான் தொடைச்சுத் துணியில சுத்திக் குடுத்தேன்.”

“இல்லக்கா, அப்பன் ஊருதானே புள்ள ஊரு?”

“அது உன் ஊருப்பா. உன் பொண்டாட்டி தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வூட்டுக்கு வந்திருக்கா. புள்ள ஆத்தா வூட்டு ஊர்லதான் பொறக்கும். இது எனக்கு…”

பேச்சு அங்கேயே நின்றுபோனது. மேரி வீட்டுக்கு மூத்தவள். அவளும் தலைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளைதான்.

தெரியாத விஷயம் ஒன்றுமில்லை, அதுதான் வேடிக்கை. ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு, அம்மா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, ரயில் மாறி மாறிப் பெங்களூருக்குத் தாய் வீட்டுக்கு வந்த கதையை மேரி முகாமில் படுத்துக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கப்பலில் அம்மா வாந்தி எடுத்தது, யாரோ ஒரு சிங்களத்துப் பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பச்சைக்குழந்தையோடு அம்மா தோட்டத்துக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே கலவரம் வந்தது. எல்லாம் தெரியும். ஆனால் அது வீட்டுக் கதை. ஊர் என்று யாராவது கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பாவும் மண்டபத்தில் அதைத்தான் சொன்னார்.

தலையில் போட்டிருந்த துணித்தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் மேரி மாமா கடைக்கு ஓடினாள்.

“மாமா, நான் எங்க பொறந்தேன்?”

“இன்னாடி கேள்வி இது?” சிரில் மாமா கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். “இங்கதான். கார்ப்பரேஷன் பிரசவ ஆஸ்பத்திரியில. நான்தான் சைக்கிள்ல வெந்நி தூக்கினு ஓடினேன்.”

“இத்தினி வருஷமா ஏன் மாமா சொல்லல?”

“சொல்லாம என்னா? உங்கம்மா சாகற வரைக்கும் அதையேதானே சொல்லிகினு இருந்தா. ஊரு வேற, பொறந்த எடம் வேற இல்லையாடி?”

மறுநாளே மேரி வக்கீல் நிருபமாவின் வீட்டு மணியை அடித்தாள். நிருபமாவின் குடும்பம் மைசூர் மகாராஜா காலத்தில் உத்தியோகத்துக்கு வந்து பெங்களூரிலேயே நிலைத்தது. அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் பக்கத்தில் நின்றவள் மேரி. அந்த உரிமையில் போனாள். கதையைக் கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நிருபமா பாதியில் நிறுத்தினாள்.

“எந்த வருஷம் பிறந்தீங்க மேரி?”

“எம்பத்திரெண்டு கடைசி மேடம்.”

“எண்பத்தேழு ஜூலைக்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா, அப்பா யாரு, அம்மா யாருன்னு சட்டம் கேக்கறதே இல்ல. பிறந்தாலே போதும். நீங்க அகதியே இல்ல, மேரி. ஒரு நாள்கூட இல்ல.”

“கார்டு இருக்குதே மேடம்?”

“சின்னக் குழந்தைக்கு யாரோ எழுதிக் குடுத்த கார்டு அது. அதனால குடியுரிமை போயிடாது. இவ்வளவு நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“கார்டுல ஒண்ணு இருக்க, வாயால ஒண்ணு சொன்னா உள்ள தூக்கி வெச்சுடுவாங்கன்னு பயம் மேடம்.”

சொல்லிவிட்டு மேரி அழுதாள். சந்தோஷத்தில் என்று நிருபமா நினைத்தாள். சந்தோஷம் பிறகு வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். பிறந்த ஊரிலேயே இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு “ஆமா சார், இல்ல சார்” என்று நின்றிருக்கிறாள்.

பிறப்புப் பதிவைத் தேடி எடுப்பதில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பெண் குழந்தை, தாய் பிலோமினா, தகப்பன் சவரிமுத்து, நிரந்தர விலாசம் நுவரெலியா என்று மாநகராட்சியில் இருந்தது. குழந்தைக்குப் பெயர் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பெயரும் இருந்தது. நிருபமா உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். அம்மா பிறப்பால் இந்தியக் குடிமகள், ஆகவே மகளும் குடிமகள், இருவருக்கும் பாஸ்போர்ட் தர வேண்டும் என்பது மனு.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. மேரி ஒவ்வொரு தடவையும் டியூட்டி மாற்றிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் சங்கமித்ரா, அந்தப் பக்கம் சிரில் மாமா. கடைசி நாளன்று அரசாங்கத் தரப்பு வக்கீல் எழுந்தார். மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விடவில்லை. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது, பிரசவத்துக்காக மட்டும் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தாள் என்பது நம்பும்படியாக இல்லை, பெயரில்லாத அந்தக் குழந்தை வேறு யாராகவும் இருக்கலாம் என்றார். மேரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் நீதிபதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்:

“வக்கீல் சார், உங்கள் வீட்டில் முதல் பிரசவம் எங்கே நடந்தது?”

அவர் திகைத்தார். “தவரு மனெயில்” என்றார். தாய் வீட்டைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். “ஹூப்ளியில், மை லேடி.”

“நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?”

“பெங்களூரில்.”

“ஏன், பெங்களூரில் ஆஸ்பத்திரி இல்லையா?”

கோர்ட் முழுக்கச் சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து சிரில் மாமா எழுந்து நின்றார். “அந்தக் கொழந்தைதான் இது சாமி. மூஞ்சியப் பாருங்க, அப்படியே எங்கக்கா” என்றார். காவலர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நீதிபதி அதைக் கண்டும் காணாததுபோல எழுதத் தொடங்கினார்.

தீர்ப்பு வந்தது. மேரி பிறந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமகள், அதற்கு நடுவில் யார் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் அது மாறவில்லை, மகளுக்கும் அதே உரிமை என்று சொன்னது. நிருபமா தமிழில் சொல்லச் சொல்ல, மேரி கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்த ஜெயவேலு, பெயிண்ட் கறை படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மித்ராவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்” என்றான். சங்கமித்ரா அவன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அட்டையைத் திருப்பிக் கொடுக்க மேரி ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனாள். அட்டையைத் திரும்ப வாங்க வழிமுறை தெரியாமல் ரைட்டர் விழித்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார். “இத்தினி வருஷமா நீங்க கூப்பிட்டப்பல்லாம் வந்தேன் சார். இனிமே எனக்கு டைம் இருந்தாத்தான் வருவேன்” என்றாள் மேரி. சுத்தக் கன்னடத்தில், வார்டில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். ரைட்டர் மறுபேச்சு இல்லாமல் வாங்கி மேஜைக்குள் வைத்தார். அன்று ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக மைசூர்பாக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே எல்லோரையும் திட்டினாள்.

அடுத்த சீசனில் சங்கமித்ரா மறுபடியும் தேர்வானாள். அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்கு மாமா வந்தார். இன்னும் அகதி முகாமிலேயே இருந்த தம்பி விஜய்குமாரும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான். கோட் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் சங்கமித்ரா தலை ஒரு சாண் உயரத்தில் தெரிந்தது. உள்ளே போகுமுன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினாள். மேரி பதிலுக்குத் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் இவளும் பயணம் போகிறாள் என்றே நினைத்தார்கள்.

“நீ எங்கக்கா போகப்போற, அத வெச்சுகினு?” என்றான் விஜய்குமார்.

“நான் எங்கடா போறேன்? போகச் சொல்றவங்களுக்குக் காட்டத்தான் வாங்கினேன்.”

அவன் சிரித்தான். சிரிப்பு முடிந்தபின், “அம்மா ரெண்டாவது தடவையும் மாமா வீட்டுக்கே வந்திருக்கலாம்க்கா” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் வவுனியாவில் பிறந்தவன். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற வழக்கம் இல்லை. அக்காவின் தீர்ப்பு அவனுக்கு எள்ளளவும் உதவாது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் முகாமில் இருக்க வேண்டும். மேரிக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவரையும் யாரோ மறுபடி பாகம் பிரித்ததுபோல இருந்தது. அவள் தம்பியின் கையைப் பிடித்து, நேராக பஸ்ஸில் ஏற்றி, நிருபமாவின் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நிருபமா முதலில் உள்ளதைச் சொன்னாள். இவன் வழக்கு வேறு, கஷ்டமானது, நாளாகும். இந்திய வம்சாவளி என்று பதிவு கேட்டு மனுப் போடலாம். கதவு முழுசாக மூடவில்லை. இவன் குடும்பத்தை நன்கு அறிந்த இந்தியக் குடிமக்கள் யாராவது உறுதிமொழி கொடுத்தால் நல்லது. சொல்லிக்கொண்டே ஒரு தாளில் உறுதிமொழியை எழுதி முடித்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்தாள்:

“சவரிமுத்துவின் மகளும், பெங்களூரில் பிறந்தவளும், இந்தியக் குடிமகளுமான ஆரோக்கியமேரி ஆகிய நான், மனுதாரர் என் உடன்பிறந்த தம்பி என்று உறுதி கூறுகிறேன்.”

“இன்னொரு தடவ படிங்க மேடம்.”

நிருபமா இன்னொரு தடவை படித்தாள். விஜய்குமார் தலையைக் குனிந்துகொண்டான். மேரி பேனாவை வாங்கி, தாள் கிழிந்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

“போய் உன் கேம்ப்ல சொல்லுடா” என்றாள். “எங்க அக்கா இந்தியாக்காரி, அவ என்னை விடமாட்டான்னு சொல்லு.”